தடைக்காலத்துக்குத் தள்ளிவைத்த உடம்பு

அண்ணனுக்கு ரத்தம் போகத் தொடங்கியது கார்த்திகையில். எனக்குத் தெரிந்தது மாசியில். ஆஸ்பத்திரிக்குப் போனது சித்திரையில். கார்த்திகைக்கும் சித்திரைக்கும் நடுவே அவன் எத்தனை தங்கல் போய் வந்தான் என்று எண்ணிப் பார்க்க நான் ஒருநாளும் துணிந்ததில்லை.

விசைப்படகில் அவன் டிரைவர். காரைக்கால் துறைமுகத்தில் ஐஸ் ஏற்றிக்கொண்டு புறப்பட்டால் நான்கு நாளோ ஐந்து நாளோ கடலிலேயே தங்கி, வலை இழுத்து, மீனோடு திரும்புவார்கள். அதைத்தான் தங்கல் என்போம். நாங்கள் பிறந்த மண்டபத்தூர்த் தெருவில் ஆண்கள் பாதி நாள் இருக்கமாட்டார்கள்; இருக்கிற பாதி நாளும் தூங்குவார்கள். அவர்களுக்கும் பல் வலிக்கும், கண் மங்கும், முட்டி வீங்கும். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: "தடைக்காலம் வரட்டும், பாத்துக்கலாம்." சித்திரை பிறந்ததும் மீன்பிடிக்கத் தடை விழும். அந்த இரண்டு மாதத்தில்தான் கல்யாணம், காதுகுத்து, படகைக் கரையேற்றிப் பெயின்ட் அடிப்பது, வீட்டுக்குச் சுண்ணாம்பு, பல் பிடுங்குவது, கண்புரை எடுப்பது. மீன் முட்டையிடுகிற மாதத்தில் மனிதர்கள் தங்கள் உடம்பைத் திறந்து பார்த்துக்கொள்வார்கள்.

அதுவரை எந்த நோயும் காத்திருக்கும் என்பது ஊரின் நம்பிக்கை. நானும் அந்த ஊர்க்காரிதான். கல்யாணமாகித் தலத்தெருவுக்கு வந்து இருபத்தைந்து வருடம் ஓடிவிட்டது. அரசாங்க அலுவலகம் ஒன்றில் கோப்புகளுக்கு நடுவே உட்கார்ந்து, பழைய சுற்றறிக்கைகளின் பின்பக்கத்தில் எதையாவது கிறுக்கிக்கொண்டிருப்பவள். ஒரு இடத்தில் கால் நிற்காது, ஒரு வரியில் மனம் நிற்காது. என்றாலும் ஊரில் எனக்குப் பெயர் "படிச்ச புள்ள". இப்போது அண்ணன் இல்லாத இரண்டாவது தடைக்காலம் நடக்கிறது. துறைமுகத்தில் படகுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு சும்மா நிற்கின்றன. படித்த புள்ள என்ன செய்தாள் என்பதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

மாசியில் ஒரு காலை அண்ணி வந்தாள். கொண்டுவந்த மீனைக் கழுவிக் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்று பின்கட்டில் உட்கார்ந்தவள், செதிலைச் சுரண்டியபடியே தலை நிமிராமல் சொன்னாள்.

"ஒங்க அண்ணனுக்கு மூலம் போல இருக்குங்க. கைலி அலசும்போது பாத்தேன். கேட்டா எரிஞ்சி விழுறாங்க."

"எத்தன நாளா?"

"கார்த்திகையிலேர்ந்து இருக்கும்னு தோணுது. எஞ்சின் பொட்டி மேலயே உக்காந்து கெடக்குறாங்கல்ல, அந்தச் சூடுதான். துத்திக்கீரை வதக்கிக் குடுக்குறேன். ஒடம்பும் எளைச்சிட்டாப்புல இருக்கு."

எளைத்துவிட்டது என்ற சொல் வந்தபோதாவது நான் எழுந்திருக்க வேண்டும். எழவில்லை. "மோரு நெறைய குடிக்கச் சொல்லு. சித்திரைதான் வரப்போவுதே, பாண்டிக்குக் கூட்டிட்டுப் போயிக் காட்டிடலாம்" என்றேன். அண்ணிக்கு முகம் தெளிந்துவிட்டது. அவள் கேட்க வந்ததும் அதைத்தான்.

*

சித்திரையில் படகு கட்டிய மூன்றாம் நாள் புறப்பட்டோம். சொந்த மாநிலத்தின் தலைநகருக்குப் போக அடுத்த மாநிலத்தை நீளவாக்கில் கடந்து போகிறவர்கள் நாங்கள். நான்கு மணி நேரம் பஸ்ஸில் அண்ணன் ஜன்னல் பக்கமே திரும்பி இருந்தான். தங்கையிடம் பேசக்கூடிய நோய் இல்லையே அது. குடலைக் கழுவும் மருந்தை இரண்டு லிட்டர் தண்ணீரில் கலந்து கொடுத்தபோதுதான் முதல் தடவையாக வாயைத் திறந்தான்.

"கடல் தண்ணிய விடக் கேவலமா இருக்கு புள்ள. டேங்க்கு கழுவுறானுவளா, ஆளக் கொல்லுறானுவளா?"

குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்தார்கள். சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். ஒரு வாரம் கழித்து டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். இடப்பக்கக் குடலின் கீழ்ப்பகுதியில் புற்று. ஸ்கேனில் வேறெங்கும் பரவியதாகத் தெரியவில்லை. அந்தத் துண்டை வெட்டியெடுத்துவிட்டு இரண்டு முனைகளையும் இணைத்துவிடலாம். வயிற்றைக் கிழிக்கத் தேவையில்லை, நுண்துளை அறுவைச் சிகிச்சையே போதும் என்றார்.

வெளியே வந்தேன். அண்ணி என் கையைப் பிடித்துச் சுவரோரம் இழுத்துப்போனாள். என் முகத்திலேயே படித்துவிட்டாள்.

"அந்தப் பேர மட்டும் அவுங்க காதுல போட்டுடாதீங்க. ஒங்க கால்ல விழுறேன். பேரக் கேட்டாலே படுத்துடுவாங்க."

நான் சரி என்றேன். இதற்குமேல் நடந்ததெல்லாம் அந்தச் சரியிலிருந்து முளைத்தவை.

அண்ணன் ஆபரேஷன் என்றதும் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டான். எங்கள் தெருவில் ஒருவரைக் குடல் முறுக்கிக்கொண்டதற்காக நெஞ்சிலிருந்து அடிவயிறு வரை கிழித்துத் தைத்திருந்தார்கள். அதன் பிறகு அவர் வலையைத் தொட்டதே இல்லை. மீன் ஏலம் போடுகிற இடத்தில் குடைக்கடியில் உட்கார்ந்து ஊர் நியாயம் பேசுவார். அண்ணனுக்குச் சாவைவிட அந்தக் குடைதான் பயம்.

"வயித்தக் கிழிக்க மாட்டாங்கண்ணே. சும்மா நாலு ஓட்டைதான் போடுவாங்க."

"எவ்வளவு பெரிய ஓட்டை?"

"வலைக்கண்ணு மாதிரி."

"எந்த வலை? மாவுலாசி வலைக்கண்ணுல என் கையே போவும்."

"எறா வலைண்ணே."

அவன் சுண்டுவிரல் நுனியைப் பார்த்துக்கொண்டான். "அந்த ஓட்டையில எப்புடிக் குடல வெளிய எடுப்பானுவோ?"

"ஒரு ஓட்டைய மட்டும் கொஞ்சம் பெருசாக்கி எடுத்துடுவாங்க. காத்தடிச்சி வயித்த உப்பவச்சி, கேமராவுல பாத்துப் பாத்துச் செய்வாங்க. மூணாம் நாள் நடக்கலாம்."

"அப்ப என்னதான் இருக்கு உள்ள?"

"ஒண்ணுமில்லண்ணே. சதை வளந்திருக்கு. சின்னதா."

அவன் செருப்பைக் கழற்றினான். அந்த நேரத்தில் நான் எவ்வளவு நிம்மதியாக இருந்தேன் என்பதை மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். சொல்லால் ஒரு மனிதனைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன். ஒரு வரி அமைந்துவிட்டால் வருகிற சந்தோஷம்தான் அது.

*

ஆபரேஷன் நான்கு மணி நேரம் நடந்தது. பிறகு உறவுக்காரர் யாராவது வாங்க என்றார்கள். அண்ணி நகரவில்லை. நான் போனேன். கதவைப் பாதி திறந்து எவர்சில்வர் தட்டை நீட்டினார்கள். வெட்டியெடுத்ததை வீட்டாருக்குக் காட்டிவிடுவது அங்கே வழக்கமாம்.

ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. உரித்த மீனின் நிறம். டாக்டர் கையுறை விரலால் அதை விரித்துக் காட்டினார். உள்ளே, படகின் அடியில் ஒட்டிக்கிடக்கும் சிப்பியைப் போல ஓரம் தடித்து நடுவில் குழிந்து ஒன்று இருந்தது. அது குடலைச் சுற்றி வளைத்துப் பிடித்திருந்தது. இவ்வளவையும் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டா இவன் அலையில் படகு ஓட்டினான்?

டாக்டர் முகமூடியை இறக்கிவிட்டு நிதானமாகச் சொன்னார். "வெளியில காயம் சின்னதும்மா. ஆனா உள்ள செஞ்சது பெரிய ஆபரேஷன். அவரு அத மறந்துடக் கூடாது. ரிப்போர்ட் வரட்டும், மருந்து ஏத்தணுமான்னு சொல்றோம்."

அவர் ஒரு குறையும் வைக்கவில்லை. சொல்ல வேண்டியதை, சொல்ல வேண்டிய ஆளிடம் சொன்னார். அது என்னிடத்திலேயே நின்றுவிட்டது.

மறுநாள் அண்ணன் முழுக்க விழித்ததும் கேட்டான்: "எவ்வளவு பெருசு இருந்துச்சு?"

"எலந்தப்பழம் அளவுண்ணே."

"அவ்வளவுதானா? அதுக்கா இவ்வளவு கூத்து? ஏ புள்ள, வயித்துல ஆபரேஷன் பண்ணுனா தோள்பட்டை ஏன் இப்புடி வலிக்கிது? இடம் மாத்திப் பண்ணிட்டானுவளா?"

உள்ளே அடித்த காற்று மேலேறித் தோளில் வலியாய் நிற்கும், இரண்டு நாளில் போய்விடும் என்று நர்ஸ் விளக்கினாள். போய்விட்டது. மூன்றாம் நாள் வராந்தாவில் நடந்தான். ஆறாம் நாள் கஞ்சி தாண்டி இட்லி. அடுத்த வாரம் ஊர்.

மண்டபத்தூரே பார்க்க வந்தது. வந்தவர்களுக்கெல்லாம் சட்டையைத் தூக்கிக் காட்டினான். தொப்புளுக்குப் பக்கத்தில் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று, அடிவயிற்றில் மட்டும் மூன்று விரல் அகலத்துக்கு ஒரு கோடு. கிழித்துத் தைத்த உடம்புகளைப் பார்த்துப் பழகிய தெரு அது. சுறா கடித்த தொடை, வலை இழுக்கும் வின்ச்சில் சிக்கிய கை, கம்பி அறுத்த முதுகு. காயத்தின் நீளத்தை வைத்துத்தான் அங்கே ஆபத்தை அளப்பார்கள்.

அவனோடு படகில் போகிற மச்சான் முறைக்காரர் ஒருவர் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "என்ன மச்சான், புல்லாங்குழலாட்டம் ஓட்டை போட்டு அனுப்பிட்டானுவோ? ஊதிப் பாக்கட்டுமா?"

"ஊது. ஒன் வாய் நாத்தத்துக்குத் தையல் பிரிஞ்சிடும்."

"இதுக்குப் போயி பாண்டி போனியே! நம்ம ஊரு கருவேல முள்ளு இதவிட ஆழமா எறங்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். அண்ணி மட்டும் உள்ளே தண்ணீர் எடுக்கப் போனாள்.

*

ரிப்போர்ட் வந்தது. குடலோடு சேர்த்து எடுத்த நெறிக்கட்டிகளில் நாலில் புற்று ஏறியிருந்தது. ஆறு மாதம், பதினைந்து நாளுக்கு ஒருமுறை மருந்து ஏற்ற வேண்டும். அதை முழுக்கச் செய்தால் திரும்ப வராமலிருக்க நல்ல வாய்ப்பு உண்டு, பாதியில் விட்டால் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அவரைக் கூட்டி வாருங்கள், நானே விளக்குகிறேன் என்றும் சொன்னார். "நானே சொல்லிக்கிறேங்க" என்றேன். அண்ணனிடம் போய், உள்காயம் ஆறுவதற்கு மருந்து ஏற்ற வேண்டுமாம் என்றேன்.

வைகாசி நடுவில் முதல் மருந்து. வரிசையாகக் கட்டில்கள், முடி உதிர்ந்த தலைகள். அவன் சுற்றிலும் பார்த்தான்.

"இது என்ன வார்டு புள்ள?"

"மருந்து ஏத்துற எல்லாருக்கும் இதுதான்ண்ணே."

ஊசி குத்திய நர்ஸ், கேரளத்துப் பெண், ஒப்பித்தாள். "இந்த மருந்து போட்டா குளிர்ச்சி ஆகாது. ஐஸ் தொடக் கூடாது. ஜில் தண்ணி குடிக்கக் கூடாது. ஃபிரிட்ஜ்ல கை விடக் கூடாது."

அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். "இந்தப் பொண்ணுகிட்ட நான் என்ன வேல பாக்குறேன்னு சொல்லு."

இரண்டாவது மருந்து ஆனி பிறக்கும் சமயத்தில். தடைக்காலம் முடிகிற வாரம். துறைமுகத்துக்கு அந்த வாரத்தில் போய்ப் பார்த்தால் தெரியும், திருவிழாவெல்லாம் ஒன்றுமில்லை. புதுப் பெயின்ட் வாசம், எஞ்சினைப் போட்டுப் போட்டு நிறுத்திப் பார்க்கிற சத்தம், ஐஸ் உடைக்கிற இயந்திரத்தின் இரைச்சல், லாரி லாரியாக வெள்ளை. வெறுமனே பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவன், பழக்கதோஷத்தில் கையை ஐஸுக்குள் விட்டிருக்கிறான்.

அங்கிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தான். கைகளை அக்குளில் செருகிக்கொண்டு வாசலில் நின்றான். பயந்த முகம். எங்கள் அப்பாவைக் கடல் கொண்டுபோன அன்றுகூட நான் பார்க்காத முகம்.

"கையில கரண்டு அடிக்கிது. விரலு மடங்க மாட்டேங்குது. எனக்கு என்னத்த ஏத்துனீங்க?"

வெந்நீர்ப் பாத்திரத்தைத் தொடவைத்தேன். மெல்ல விரல்கள் திரும்பின. பயம் கோபமாக மாறியது.

"போதும். இனிமே பாண்டிப் பக்கம் வரமாட்டேன்."

"இன்னும் பத்துத் தடவை இருக்குண்ணே."

"எதுக்கு? ஓட்டை ஆறிப்போச்சி. சதைய எடுத்தாச்சி. நீதான சொன்ன, எலந்தப்பழம்னு. எலந்தப்பழத்துக்கு ஆறு மாசமா?"

"டாக்டர் சொல்றாருல்ல."

"அவரு சொல்லுவாரு. ஐஸத் தொடாம மீன் புடிக்கச் சொல்லு அவர. இந்த வாரம் நான் ஏறலன்னா வேற ஆளு சுக்கானப் புடிச்சிடுவான். அப்பறம் நானும் அந்தக் கொடைக்குக் கீழதான்."

அப்போது சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு சொல். நாக்கின் நுனிவரை வந்தது. தட்டில் பார்த்ததைச் சொல்லியிருக்கலாம், ஒரு முழம் என்று கையால் அளந்து காட்டியிருக்கலாம். வாழ்நாள் முழுக்கச் சொற்களோடு அல்லாடுகிறவள் நான். ஆனால் அண்ணியிடம் கொடுத்த வாக்கு ஒரு பக்கம், நான் சொன்னது பொய் என்று அவனுக்குத் தெரிந்துவிடுமே என்ற வெட்கம் மறுபக்கம். வெட்கம்தான் பெரிது. இதை எழுதும்போதுதான் அதை ஒப்புக்கொள்கிறேன். "ஒன் இஷ்டம்" என்றேன். சமையலறைக்குள் போய்விட்டேன்.

தடை நீங்கிய காலையில் அவன் கடலேறினான். மூன்றாவது மருந்துக்கான நாள் வந்தபோது நடுக்கடலில் இருந்தான். போனில் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள் அந்தக் கட்டிலை.

பிறகு ஏழு மாதம் அவன் நன்றாகவே இருந்தான். நன்றாக என்றால், சாப்பிட்டான், சிரித்தான், உடம்பு தேறினான். ஐப்பசி மழையில் கொடுவா மீன் பிடித்து எனக்கு அனுப்பினான். அந்த மாதங்களில் டாக்டர்தான் அதிகம் பயந்துவிட்டார் என்றுகூட நான் நம்பத் தொடங்கினேன். குழம்பு கொதிக்கிற வீட்டில் அப்படி நம்புவது சுலபமாக இருந்தது.

*

மாசியில் வலப்பக்க விலாவுக்குக் கீழே பாரமாக இருக்கிறது என்றான். இந்தத் தடவை சித்திரை வரை யாரும் காக்கவில்லை. நானும் அவனும் மட்டும் போனோம். ஸ்கேன் எடுத்தார்கள். ஈரல் முழுக்கப் புள்ளி புள்ளியாக. டாக்டர் மறுபடியும் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்; திட்டவில்லை. ஏன் வரவில்லை என்றுகூடக் கேட்கவில்லை. மருந்து கொடுத்துப் பார்க்கலாம், ஆனால் குணமாக்குவதற்கு இல்லை, நாளைக் கொஞ்சம் நீட்டுவதற்கு என்றார்.

திரும்பும் பஸ்ஸிலும் அண்ணன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். மண்டபத்தூர் நிறுத்தத்தில் இறங்கியபோது மதியம் சாய்ந்திருந்தது. கடற்பக்கம் போகும் சாலையில் பத்தடி நடந்து நின்றான்.

"புள்ள, இப்பவாவது நெசத்தச் சொல்லு."

சொன்னேன். அந்தச் சொல்லை எங்கள் இருவருக்கும் நடுவில் முதன்முதலாகப் போட்டேன். அப்பவே புற்றுதான் என்றேன். தட்டில் பார்த்ததைச் சொன்னேன். நெறிக்கட்டியைச் சொன்னேன். அந்த மருந்து எதற்கு என்பதைச் சொன்னேன். இப்போது ஈரலுக்கு வந்துவிட்டது என்றேன். எல்லாம் சேர்ந்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அவன் கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"அந்த வார்டு வாசல்ல போர்டு இருந்துச்சில்ல. எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படிச்சேன். படிச்சிட்டுத்தான் ஒங்கிட்ட கேட்டேன். நீ எல்லாருக்கும் இதுதான்ன. போர்டு தப்பாயிருக்கும், என் தங்கச்சி தப்பாச் சொல்லமாட்டான்னு இருந்துட்டேன்."

மீன் ஏற்றிய டெம்போ ஒன்று எங்களை ஒதுங்கச் சொல்லி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. சாலையோரம் ஒதுங்கினோம்.

"அவளுக்கும் தெரியுமா?"

"தெரியும்ண்ணே."

"அப்ப நீங்கள்லாம் கரையில இருந்திருக்கீங்க. நான் மட்டுந்தான் கடல்ல இருந்திருக்கேன்."

வீடு தெரிந்தது. அண்ணி வாசலில் உட்கார்ந்து கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் முன்னே போக அடியெடுத்து வைத்தேன். அண்ணன் என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினான். பிடியில் பலமே இல்லை.

"நீ இஞ்சயே நில்லு. அவகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

"நானும் வாரேன்ண்ணே."

"வேணாம். நீ சொன்னா சின்னதாயிடும்."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. ஒரு கயிறு இற்றுப்போய்விட்டது, இதை இனி கட்டுவதற்கு எடுக்காதே என்று சொல்கிற மாதிரி சொன்னான். பிறகு கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தான். அண்ணி நிமிர்ந்து பார்த்தாள், எழப்போனாள். அவன் கையமர்த்தி அவளை உட்காரச் சொல்லி, கருவாட்டுப் பாயின் ஓரத்தில் தானும் குந்தினான். அவன் உதடு அசைவது தெரிந்தது. சொல் எதுவும் என் காதில் விழவில்லை.